அமெரிக்கச் சட்டக் கல்லூரிச் சேர்க்கை: சிறுபான்மை விண்ணப்பதாரருக்கு ஊர் எவ்வளவு முக்கியம்?

2024 டிசம்பரில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் மாணவர் விவரங்கள் வெளியானபோது, ஹார்வர்டின் முதலாண்டு வகுப்பில் கறுப்பின மாணவர்கள் 19 பேர் மட்டுமே இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கை 43. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் கறுப்பின மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கானது. இரண்டும் தனியார் கல்லூரிகள். இரண்டும் சேர்க்கையில் இன முன்னுரிமையை நீக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரே 2023 தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, எந்தப் பகுதியில் விண்ணப்பித்தால் சிறுபான்மையினருக்கு வாய்ப்பு அதிகம் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஊர் கணக்கில் வரத்தான் செய்கிறது. ஆனால் அது கணக்கில் வரும் வழிகள் வேறு வேறானவை; அவற்றில் ஒன்று 2023இல் மறைந்துவிட்டது, மற்றவை முன்பைவிட வலுவாகியிருக்கின்றன.

முதலில் சில அடிப்படைகள்

அமெரிக்காவில் சட்டம் என்பது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் ஏறத்தாழ 200 இருக்கின்றன. நம் ஊரில் இருப்பதுபோல் மாணவர்களின் தரவரிசைப் பட்டியலும் பொதுக் கலந்தாய்வும் அங்கே கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே விண்ணப்பம் வாங்கி, தனித்தனியே முடிவெடுக்கிறது. 120 முதல் 180 வரை மதிப்பெண் தரும் எல்சாட் நுழைவுத் தேர்வும், இளநிலைப் பட்டத்தின் சராசரிப் புள்ளியும்தான் முதன்மையான அளவுகோல்கள். தன்னைப் பற்றிய கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், பணி அனுபவம் ஆகியவை அடுத்த வரிசை.

கல்லூரிகள் எல்சாட் மதிப்பெண்ணை இவ்வளவு கவனிப்பதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் உள்ளவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் மதிப்பெண், அதாவது இடைநிலை மதிப்பெண், ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. கல்லூரிகளை வரிசைப்படுத்தும் தேசியப் பட்டியல்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. ஒரே ஒரு புள்ளி கீழே போனாலும் கல்லூரி முதல்வர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே அந்த இடைநிலைக்கு மேலே இருப்பவரை எல்லாக் கல்லூரிகளும் விரும்பும். கீழே இருப்பவரைச் சேர்க்க வேறொரு வலுவான காரணம் தேடும்.

சிறுபான்மையினர் என்று இங்கே சொல்வது மதச் சிறுபான்மையினரை அல்ல. வழக்கறிஞர் தொழிலில் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ற இடம் பெறாத இனத்தவர்களையே சேர்க்கைத் துறையில் இச்சொல் குறித்துவந்தது: கறுப்பினத்தவர், பூர்வகுடி அமெரிக்கர், மெக்சிக அமெரிக்கர், புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 13 விழுக்காடாக உள்ள கறுப்பினத்தவர், வழக்கறிஞர்களில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இந்திய வம்சாவளியினர், தமிழர் உட்பட, எண்ணிக்கையில் சிறுபான்மையராக இருந்தாலும் இந்தப் பட்டியலில் பொதுவாகச் சேர்க்கப்பட்டதில்லை. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இதை விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் அறிகின்றன.

இன்னொரு தெளிவும் தேவை. தமிழ்நாட்டில் நாம் அறிந்த இடஒதுக்கீடு அங்கே 1978க்குப் பிறகு இல்லை. அந்த ஆண்டு, ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில், குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்களை ஓர் இனத்துக்கென ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகக் கருத மட்டும் இடம் கொடுத்தது. ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ என்று 2023 வரை பேசப்பட்டது இந்த இரண்டாவது வகை. அது இடங்களைப் பிரித்து வைக்கவில்லை, தராசில் ஒரு பக்கத்துக்குச் சற்று எடை சேர்த்தது.

எல்லைக்கோட்டில் தொடங்கிய வழக்குகள்

சட்டக் கல்லூரியும் இனமும் ஊரும் சேர்ந்த சிக்கல் புதிதன்று. 1930களில் தென் மாநிலங்களும், வடக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட எல்லையோர மாநிலங்களும் தங்கள் சட்டக் கல்லூரிகளில் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. பால்டிமோரில் பிறந்த தர்குட் மார்ஷல், தன் ஊரிலேயே இருந்த மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கதவு மூடியிருந்ததால், வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் அவரும் அவருடைய ஆசிரியர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் அதே மேரிலாந்துக் கல்லூரிக்கு எதிராக டொனால்டு மர்ரி என்பவருக்காக வாதாடி 1936இல் வென்றார்கள். பின்னாளில் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

மிசௌரி மாநிலம் கையாண்ட வழி இன்னும் நேரடியானது. லாயிட் கெயின்ஸ் விண்ணப்பித்தபோது, பக்கத்து மாநிலம் ஒன்றில் போய்ப் படியுங்கள், கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்றது அரசு. 1938இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு மாநிலம் தன் வெள்ளையின மாணவருக்குத் தன் எல்லைக்குள் சட்டக் கல்வி தருமானால், கறுப்பின மாணவருக்கும் தன் எல்லைக்குள்தான் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

டெக்சாஸ் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. 1946இல் ஹீமன் ஸ்வெட் என்ற தபால் ஊழியர் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததும், கறுப்பினத்தவருக்கெனத் தனிக் கல்லூரி ஒன்றை அவசரமாகத் தொடங்கியது. வழக்கு 1950இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது நீதிபதிகள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்டினில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000 நூல்கள். புதிய கல்லூரியில் 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 நூல்கள். எண்களைவிட முக்கியமாக, வருங்காலத்தில் தான் எதிர்கொள்ளப்போகும் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் சாட்சிகளும் இருக்கும் சமூகத்திலிருந்து பிரித்துவைக்கப்பட்டு ஒருவர் சட்டம் பயில முடியாது என்றது தீர்ப்பு. எங்கே படிக்கிறோம் என்பது என்ன படிக்கிறோம் என்பதன் ஒரு பகுதி என்ற இந்தக் கருத்தே, பிறகு வந்த எல்லா வாதங்களுக்கும் அடித்தளம்.

மாநிலச் சட்டம் வாய்ப்பைத் தீர்மானித்த காலம்

1996 முதல் 2023 வரை, ஊர் என்பது முதலில் சட்டத்தைக் குறித்தது. எந்த மாநிலத்தின் அரசுக் கல்லூரி என்பதைப் பொறுத்தே இனத்தைக் கருதலாமா கூடாதா என்ற விதி மாறியது.

1. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி. ஹாப்வுட் வழக்கில் 1996இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அதே ஆஸ்டின் சட்டக் கல்லூரி இனத்தைக் கருதக் கூடாது என்றது. தீர்ப்பு இந்த மூன்று மாநிலங்களில் மட்டும் செல்லும். 1996இல் அங்கே சேர்ந்த கறுப்பின மாணவர்கள் 31 பேர். 1997இல் 4 பேர். ஸ்வெட் வழக்காடி நுழைந்த அதே கல்லூரியில், அரை நூற்றாண்டு கழித்து.

2. கலிபோர்னியா. மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 1995இல் தடை விதித்தது. 1996 நவம்பரில் வாக்காளர்கள் 209ஆம் முன்மொழிவின் வழியே அதை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி சட்டக் கல்லூரியில் 1996இல் இடம் அளிக்கப்பட்ட கறுப்பின மாணவர்கள் 75 பேர், 1997இல் 14 பேர். அந்த 14 பேரில் ஒருவர்கூடச் சேரவில்லை. அவ்வாண்டு வகுப்பில் இருந்த ஒரே கறுப்பின மாணவர், முந்தைய ஆண்டில் இடம் பெற்றுச் சேர்க்கையைத் தள்ளிவைத்திருந்தவர். தடை அரசுக் கல்லூரிகளுக்கு மட்டுமே என்பதால், அதே மாநிலத்தில் இருந்த ஸ்டான்ஃபோர்டு பழைய விதியிலேயே தொடர்ந்தது.

3. மிச்சிகன். இதுதான் விந்தையான கதை. மிச்சிகன் சட்டக் கல்லூரியின் சேர்க்கை முறையை எதிர்த்த குரூட்டர் வழக்கில், 2003இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் கல்லூரியின் பக்கம் நின்றது. இனத்தைக் கருதாமல் இருந்திருந்தால் 2000ஆம் ஆண்டு வகுப்பில் சிறுபான்மையினர் 14.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்திருப்பார்கள் என்று அவ்வழக்கில் ஒரு புள்ளியியல் வல்லுநர் சாட்சியம் அளித்தார். அந்தத் தீர்ப்பு ஹாப்வுட் தடையை நீக்கி, நாடு முழுவதும் உள்ள கல்லூரிகளுக்குப் பாதுகாப்பாக அமைந்தது. ஆனால் வழக்கை வென்ற மிச்சிகனுக்கே அது மூன்றாண்டுகள்தான் பயன்பட்டது. 2006இல் மாநில வாக்காளர்கள் தடை விதித்துவிட்டார்கள்.

வாஷிங்டன் (1998), நெப்ராஸ்கா (2008), அரிசோனா (2010), ஓக்லஹோமா (2012) என்று வேறு சில மாநிலங்களும் இதே பாதையில் வந்தன. ஆக, ஒரே மதிப்பெண், ஒரே பின்னணி கொண்ட ஒரு மெக்சிக அமெரிக்க மாணவிக்கு 2010இல் ஆஸ்டினில் ஒரு விதி, பெர்க்லியில் இன்னொரு விதி. “எங்கே விண்ணப்பிக்கிறாய் என்பது முக்கியம்” என்று அக்காலத்தில் சேர்க்கை ஆலோசகர்கள் சொன்னதற்கு இதுவே முழுமுதற் காரணம். அந்த அறிவுரை இன்றும் வழங்கப்படுகிறது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டுக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் எதிரான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும், அரசு தனியார் இரண்டுக்கும் சேர்த்து, இன முன்னுரிமையை நீக்கிய பிறகு அதன் அடிப்படையே போய்விட்டது.

இன்றும் ஊர் வேலை செய்யும் வழிகள்

*1. மாநிலவாசி என்ற தகுதி.* அரசுச் சட்டக் கல்லூரிகள் பல, தம் மாநிலத்தவருக்கு இடத்திலும் கட்டணத்திலும் சலுகை தருகின்றன. ஆஸ்டினில் வெளிமாநிலத்தவர் வகுப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது டெக்சாஸ் சட்டம். இது எந்த இனத்தையும் பார்ப்பதில்லை. ஆனால் மக்கள்தொகையில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஹிஸ்பானியராக, அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினராக, உள்ள ஒரு மாநிலத்தில், மாநிலவாசிக்குத் தரும் முன்னுரிமை அவர்களையும் தொடுகிறது. மெயின் அல்லது வெர்மாண்ட் போன்ற, பெரும்பாலும் வெள்ளையினத்தவர் வாழும் மாநிலத்தில் அதே விதி வேறு விளைவைத் தருகிறது.

*2. அரிதாக இருப்பது அனுகூலமா?* சிறுபான்மையினர் குறைவாக உள்ள பகுதியில் விண்ணப்பித்தால் தேவை அதிகமாக இருக்கும், எளிதாக இடம் கிடைக்கும் என்று நம்புவோர் பலர். இந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மை இருந்தது. அதற்கு மேல் இல்லை என்பதே என் மதிப்பீடு. இன முன்னுரிமை இருந்த காலத்திலும், ஒரு கல்லூரி தன் இடைநிலை மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டுதான் அதைச் செய்தது. மேல்நிலைக் கல்லூரிகள் நாடு முழுவதிலும் இருந்து ஆள் எடுப்பதால், அவை அமைந்துள்ள ஊரின் மக்கள்தொகை அவற்றின் போட்டியை மாற்றுவதில்லை. வட்டாரக் கல்லூரிகளில் மட்டுமே உள்ளூர் மக்கள்தொகை விண்ணப்பங்களில் தெரியும்.

*3. வந்து சேர்வாரா என்ற சந்தேகம்.* பெர்க்லியின் 1997 கதை காட்டுவது இதைத்தான்: இடம் கொடுப்பது வேறு, மாணவர் வந்து சேர்வது வேறு. கொடுத்த இடங்களில் எத்தனை நிரம்புகின்றன என்பதைக் கல்லூரிகள் கவலையோடு கவனிக்கின்றன. வட்டாரக் கல்லூரி ஒன்று, தன் தரத்துக்கு மேற்பட்ட மதிப்பெண்ணோடு தொலைவிலிருந்து விண்ணப்பிப்பவரைப் பார்த்தால், இவர் நம்மை மாற்று வாய்ப்பாக மட்டும் வைத்திருக்கிறார் என்று எண்ணிக் காத்திருப்போர் பட்டியலில் போடுவதுண்டு. அந்த ஊரோடு தொடர்பு உள்ளவர், உறவினர் இருப்பவர், அங்கேயே தொழில் செய்ய விரும்புபவர் என்றால் கட்டுரையில் அதை வெளிப்படையாக எழுதுவது இதனால்தான் பயன்தருகிறது. வழக்கறிஞர் உரிமம் மாநிலவாரியாக வழங்கப்படுவதும், வட்டாரக் கல்லூரியில் படித்தவர் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வேலை தேடுவதும் இந்த எண்ணத்துக்கு வலு சேர்க்கின்றன.

*4. தொலைவு.* மேலே சொன்ன மூன்றையும்விட இது பெரிது என்று நினைக்கிறேன். ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது. டெக்சாஸின் மேற்கு ஓரத்தில், மெக்சிக எல்லையில் உள்ள எல் பாசோவை எடுத்துக்கொள்வோம். மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஹிஸ்பானியர். அந்த நகரத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, சட்டக் கல்லூரி இல்லை. மாநிலத்துக்குள் மிக அருகில் உள்ள சட்டக் கல்லூரி லப்பக்கில், சாலை வழியே சுமார் 550 கிலோமீட்டர். ஆஸ்டின் 900 கிலோமீட்டருக்கும் மேல். உண்மையில் அருகில் இருப்பது நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி, சுமார் 430 கிலோமீட்டர். ஆனால் அங்கே எல் பாசோ மாணவர் வெளிமாநிலத்தவர். டெக்சாஸ்வாசி என்ற தகுதி எல்லையைத் தாண்டியதும் செல்லாது.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, வேலை பார்த்துக்கொண்டே வீட்டுச் செலவையும் தாங்கும் ஒருவருக்கு இது என்ன பொருள் தருகிறது? மாலை வகுப்பில் பகுதிநேரமாகப் படிப்பது சாத்தியமில்லை. கல்லூரியை நேரில் பார்த்து வருவது என்றால் இரண்டு நாள் விடுப்பு. நுழைவுத் தேர்வு, மதிப்பெண் அறிக்கை, ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விண்ணப்பம் என்று கட்டணங்கள் குவிவதால் அவர் விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் எண்ணிக்கையும் சுருங்கும். சிகாகோவிலோ ஹூஸ்டனிலோ அதே மதிப்பெண்ணோடு இருப்பவருக்கு வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய கல்லூரிகள் ஒன்றுக்கு மேற்பட்டு உண்டு. சேர்க்கை அலுவலகத்தின் மேசைக்கு வந்துசேராத விண்ணப்பத்தை எந்த விதியும் காப்பாற்றாது. எல் பாசோ பல்கலைக்கழகம் தன் இளநிலை மாணவர்களுக்குச் சட்டக் கல்லூரிக்கான தனி ஆயத்தப் பயிற்சி நடத்துவது இந்தத் தொலைவை ஈடுகட்டும் முயற்சியே.

அலாஸ்காவில் நிலைமை இன்னும் கடுமை. அமெரிக்க மாநிலங்களில் சட்டக் கல்லூரியே இல்லாதது அது ஒன்றுதான். அங்குள்ள பூர்வகுடி மாணவர் ஒருவர் கல்லூரிக்கு நேரில் போய்ச் சட்டம் படிக்க விரும்பினால் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டும்.

வேறு வகையான வட்டாரங்கள்

தொலைவுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வரலாற்றுக் காரணங்களால் கறுப்பினத்தவருக்கென்று தோன்றிய பல்கலைக்கழகங்களில் ஆறு சட்டக் கல்லூரிகள் இன்று இயங்குகின்றன. வாஷிங்டனில் இரண்டு, வட கரோலினாவின் டர்ஹமில் ஒன்று, லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஒன்று, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஒன்று, ஹூஸ்டனில் ஒன்று. ஹூஸ்டனில் இருப்பது, ஸ்வெட்டை வெளியே நிறுத்துவதற்காக அவசரமாகத் தொடங்கப்பட்ட அதே கல்லூரி. இன்று அது தர்குட் மார்ஷலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆறும் தெற்கிலும் தலைநகரிலுமே உள்ளன. மேற்குக் கரையிலோ நடு மேற்கிலோ வளரும் கறுப்பின மாணவருக்கு இந்த வழி அருகில் இல்லை.

ஆல்புகர்க்கியில் உள்ள நியூ மெக்சிகோ சட்டக் கல்லூரி அந்த மாநிலத்தின் ஒரே சட்டக் கல்லூரி. பூர்வகுடி மாணவர்களுக்கான கோடைக்கால முன்பயிற்சி 1967 முதல் அந்த வளாகத்தைச் சார்ந்து நடக்கிறது. நாடெங்கிலும் இருந்து வருபவர்கள் முதலாண்டுப் பாடங்களை முன்கூட்டியே ஒரு முறை கடந்துபோகிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோ தீவிலோ அங்கீகாரம் பெற்ற மூன்று கல்லூரிகள் ஸ்பானிய மொழியில் கற்பிக்கின்றன. பெருநிலத்தில் சிறுபான்மையராக எண்ணப்படும் ஒருவர், தீவில் பெரும்பான்மையரில் ஒருவர்.

2023 தீர்ப்புக்குப் பிறகு: ஊரே வழக்காகிறது

இனத்தைப் பெட்டியில் குறியிட்டு எடைபோட முடியாது என்ற தீர்ப்பு, ஒரு கதவைச் சற்றுத் திறந்துவைத்தது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதினால், அதில் வெளிப்படும் துணிவு, திறமை போன்றவற்றைக் கல்லூரி தனிமனிதருக்குரியதாகக் கருதலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். வளர்ந்த இடம் பற்றிய எழுத்து இதனால் கனம் பெற்றது. எல்லையோர நகரம், பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலம், வழக்கறிஞரே இல்லாத கிராம மாவட்டம் ஆகியவை இனத்தின் பெயரைச் சொல்லாமலேயே ஒரு வாழ்க்கையைச் சொல்லும்.

இளநிலைப் படிப்பில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஹாப்வுட் தீர்ப்புக்கு மறுமொழியாக டெக்சாஸ் 1997இல், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டினருக்கு அரசுப் பல்கலைக்கழக இடத்தை உறுதிசெய்தது. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்துகிடந்ததால் ஊர்வாரியான அந்த விதி இனவாரியான விளைவையும் தந்தது. சட்டக் கல்லூரிக்கு இதைப் பெயர்த்துவைக்க முடியாது: விண்ணப்பதாரர்கள் நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறார்கள், எல்சாட் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

ஊரை அளவுகோலாக்குவது எப்போதும் நியாயத்துக்கே உதவியது என்று எண்ணிவிடவும் கூடாது. 1920களில் ஹார்வர்டு கல்லூரி ‘நாடு தழுவிய’ மாணவர்களைத் தேடியதன் பின்னணியில், நியூயார்க் பகுதியிலிருந்து வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்கமும் இருந்தது.

இப்போதைய சர்ச்சையின் மையமும் அந்த நோக்கம் பற்றிய கேள்விதான். வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பினரில் 1.5 விழுக்காடு அளவு இடத்தை உறுதிசெய்தபோது, இது ஆசிய மாணவர்களைக் குறைக்கும் மறைமுக இனப் பாகுபாடு என்று வழக்குத் தொடரப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் முறையை ஏற்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. பாஸ்டன் நகரத் தேர்வுப் பள்ளிகள் அஞ்சல் குறியீட்டுப் பகுதிவாரியாக இடங்களைப் பிரித்தது பற்றிய வழக்கிலும் அதே ஆண்டு டிசம்பரில் அதுவே நடந்தது. விசாரிக்க மறுப்பது ஒப்புதல் ஆகாது என்றாலும், ஊர்வாரி முறைகள் அப்போதைக்குத் தப்பின.

ஆனால் 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு திசையில் செல்கிறது. மத்திய நிதி பெறும் நிறுவனங்கள், இன விகிதத்தை முதன்மையாகக் கருதிக் குறிப்பிட்ட பகுதிகளையோ கல்வி நிறுவனங்களையோ தேர்ந்து ஆள் சேர்த்தால், அது சட்டவிரோதப் பதிலிமுறை, அதாவது இனத்துக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டி இனத்தையே கருதுவது, ஆகலாம் என்று அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. வழிகாட்டுதல் சட்டம் அல்ல, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மத்திய நிதியை நம்பியிருக்கும் பல்கலைக்கழகங்களோ நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்கும் நிலையில் இல்லை. எல் பாசோவுக்கு ஆள் அனுப்பி மாணவர்களைச் சந்திக்க விரும்பும் ஒரு சட்டக் கல்லூரி, அந்த நகரத்தைத் தேர்ந்த காரணம் அங்கே கல்லூரி இல்லாமையா, வழக்கறிஞர் பற்றாக்குறையா, முதல் தலைமுறைப் பட்டதாரிகளா என்பதை இனி முன்கூட்டியே எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.